நீச்சல் குளம் இல்லாத தோட்டத்து ஊரிலிருந்து முதல் டிரையத்லான்: 20 வார வழிகாட்டி

மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்து ரந்தாவில் எந்தப் பக்கம் சைக்கிளை விட்டாலும் பத்து நிமிடத்தில் செம்பனைத் தோட்டத்துக்குள் போய்விடலாம். நீந்த வேண்டுமானால் சிரம்பானுக்கோ போர்ட்டிக்சனுக்கோ கார் எடுத்தாக வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம் கொண்ட ஸ்டாண்டர்ட் தூரப் போட்டியை முதல் தடவையாக முடிக்க நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். பாதி தூரமான ஸ்பிரிண்ட் (750 மீட்டர், 20, 5) போதும் என்றாலும் வரிசை இதேதான். வாரங்களை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு பயிற்சிக்கு வந்தவர்களில் உடல் பலம் இல்லாமல் விட்டுப் போனவர்கள் குறைவு. வரிசையை மாற்றியதால் விட்டுப் போனவர்கள்தான் அதிகம். முதலில் சைக்கிள் வாங்குவார்கள், இரண்டு மாதம் அதில் பறப்பார்கள், போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கும்போதுதான் நீச்சல் ஞாபகம் வரும்.

1. கட்டணம் கட்டுவதற்கு முன்

முதல் வேலை, கிளினிக். சர்க்கரை, இரத்த அழுத்தம், வீட்டில் யாருக்காவது சிறு வயதில் மாரடைப்பு, நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் "மூன்றரை மணி நேரம் வெயிலில் உடற்பயிற்சி செய்யப் போகிறேன்" என்று அப்படியே சொல்லுங்கள். "லேசா ஓடப் போறேன் டாக்டர்" என்றால் அவரும் லேசாகத்தான் பார்ப்பார். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் பயிற்சி நாளில் மருந்து அளவை என்ன செய்வது என்று கேட்காமல் திரும்பக்கூடாது.

அடுத்தது வீடு. வாரத்துக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போகும், ஞாயிற்றுக்கிழமை காலை முழுதும் போகும். இதை முதலிலேயே பேசி வைக்காதவர்கள் ஏழாவது வாரம் யாரோ ஒரு மாமா வீட்டுக் கல்யாணத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். தைப்பூச விரதம் இருப்பவர்கள் கடினமான வாரங்கள் அந்த நாட்களில் விழாதபடி போட்டித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விரதத்தோடு லேசான பயிற்சி செய்யலாம், தூரத்தைக் கூட்டக்கூடாது.

பணம் கட்டுவது இதற்கெல்லாம் பிறகு. நிற்காமல் 200 மீட்டர் நீந்த முடிந்த அன்று கட்டுங்கள். அதற்கு முன் கட்டினால் தேதி துரத்தும். பயத்தோடு நீச்சல் கற்பது மிகவும் சிரமம். இடம் தீர்ந்துவிடும் என்று பதற்றமாக இருந்தால் அதற்கடுத்த போட்டியைப் பாருங்கள்.

தண்ணீர் வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு டூவத்லான் இருக்கிறது: ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம். பவர்மேன் என்ற போட்டி அந்த வகை. அதற்குப் போகிறவர்கள் 2, 9 ஆகிய பகுதிகளைத் தாண்டிவிடலாம்.

2. நீச்சல்தான் முதல் வாரம்

சைக்கிளையும் ஓட்டத்தையும் உடம்பு ஏற்கெனவே ஓரளவு அறியும். நீச்சல் அப்படியில்லை. அது பலத்தைவிடப் பழக்கத்தால் வருவது. பழக்கத்துக்கு மாதங்கள் தேவை. அதனால்தான் 20 வாரத்தின் முதல் நாளிலேயே தண்ணீரில் இறங்கச் சொல்கிறேன்.

எங்கே என்பது முதல் கேள்வி. வாரத்தில் இரண்டு நாள் பட்டணத்துப் பொதுக் குளம். பெட்ரோலை மூன்று பேர் பகிர்ந்துகொண்டால் கட்டுப்படியாகும். பள்ளி விடுமுறையிலும் ஞாயிறு மாலையிலும் குளம் முழுக்கப் பிள்ளைகள்தான், நேராக நீந்த வழியிருக்காது. அந்த நேரங்களைத் தவிருங்கள்.

பழைய ஈயக்குட்டையிலும் (ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கியது) தோட்டத்துக் குளத்திலும் பழகலாமே என்று ஒவ்வொரு வருடமும் ஒருவராவது கேட்கிறார். கூடாது. ஈயக்குட்டையின் கரை இரண்டு அடி வைத்ததும் செங்குத்தாக இறங்கும், அடியில் சேறு இழுக்கும், மேலே ஏறப் பிடி கிடைக்காது. ஆற்றிலும் அருவியிலும் எலிக்காய்ச்சல் பயம் வேறு, காலில் சின்னக் கீறல் இருந்தாலும் போதும்.

இனி கற்கும் வரிசை. முதலில் மூச்சு. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்காலும் வாயாலும் காற்றை விட்டுக்கொண்டே இருங்கள். தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடி, இழுக்க மட்டும்தான். புதியவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு, தலை வெளியே வந்த பிறகு விட்டு இழுக்கப் பார்ப்பார்கள். நேரம் போதாமல் நெஞ்சு அடைக்கும், 20 மீட்டரில் நின்றுவிடுவார்கள். "எனக்கு ஸ்டெமினா இல்லண்ணே" என்பார்கள். ஸ்டெமினா இருக்கிறது, பழைய காற்று வெளியே போகவில்லை, அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் குளத்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இதை மட்டும் பழகினாலும் நஷ்டமில்லை.

இரண்டாவது தலை. முன்னால் பார்த்து நீந்தினால் தலை தூக்கும், தலை தூக்கினால் கால் தாழும், தாழ்ந்த காலை நீங்கள் இழுத்துக்கொண்டு போவீர்கள். தரையைப் பாருங்கள். மூன்றாவது கால் உதைப்பு: சின்னதாக, இடுப்பிலிருந்து. தொடைத் தசை பெரியது, பலமாக உதைத்தால் காற்றையெல்லாம் அதுவே தின்றுவிடும். இன்னும் 40 கிலோமீட்டர் அந்தக் காலை வைத்துத்தான் மிதிக்க வேண்டும்.

தூரத்தை இப்படி ஏற்றுங்கள். முதல் மூன்று வாரம் 25 மீட்டர், எட்டுத் தடவை, நடுவில் அரை நிமிட ஓய்வு. 4 முதல் 6 வரை 50 மீட்டர், பத்துத் தடவை. 7 முதல் 10 வரை 100 மீட்டர், எட்டிலிருந்து பத்துத் தடவை. 11 முதல் 14 வரை 400 மீட்டர், மூன்று தடவை. 15ஆவது வாரம் 1,500 மீட்டரை நிற்காமல் ஒரு தடவை முடித்துப் பாருங்கள். 50 மீட்டர் குளத்தில் அது 30 நீளம். எண்ணிக்கை மறந்துபோகும், எல்லோருக்கும் மறக்கும். ஐந்தைந்தாக எண்ணுங்கள்.

தண்ணீருக்கடியில் மூச்சடக்கிப் பந்தயம் வைக்காதீர்கள். திடீரென்று நினைவு தப்பும், பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. குளத்தில் யாரும் இல்லாத நேரம் தனியாக இறங்கவும் வேண்டாம்.

3. சைக்கிள்: விலைக்கு முன் அளவு

முதல் போட்டிக்குப் பழைய ரோட் பைக் போதும். நான் 1,800 ரிங்கிட்டுக்கு வாங்கிய பழைய வண்டியில் மூன்று போட்டி முடித்தேன். ஆனால் அதற்கு முன் ஒரு கடையில் "இதுதான் உங்க சைஸ்" என்று கொடுத்த வண்டியில் ஆறு மாதம் கழுத்து வலியோடு ஓட்டியதையும் சொல்லியாக வேண்டும். கடையில் இருந்தது அந்த ஒரு சைஸ்தான் என்று பிறகுதான் புரிந்தது. சைக்கிள் சட்டத்தின் இரு பக்கமும் கால் ஊன்றி நின்றால் மேல் குழாய்க்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்க வேண்டும். கை விறைத்து நீண்டால் வண்டி பெரிது.

சீட் உயரத்துக்கு எளிய வழி: குதிகாலை பெடலில் வைத்துக் கீழே இறக்குங்கள், கால் அப்போது முழுதாக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் சற்று மடங்கும். அதுதான் சரியான உயரம். எங்கள் ஊரில் பெரும்பாலோர் சீட்டைத் தாழ்வாக வைத்து ஓட்டுகிறார்கள், கால் தரையில் எட்ட வேண்டுமாம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள், பின்பக்கம் வலித்தால் இறக்குங்கள். ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் மாற்ற வேண்டாம்.

பெடலோடு பூட்டும் கிளீட் சப்பாத்து முதல் எட்டு வாரம் வேண்டாம். கழற்றப் பழகாமல் ரந்தாவ் சந்தி விளக்கில் நின்று, நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுந்தவர்களில் நானும் ஒருவன். வாங்கிய பிறகு புல்தரையில் 50 தடவை மாட்டிக் கழற்றுங்கள்.

ஹெல்மெட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். யாரோ விழுந்து எழுந்த பழைய ஹெல்மெட் வேண்டவே வேண்டாம், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும்.

4. பஞ்சர் பழகாமல் தோட்டத்துக்குள் போகாதீர்கள்

செம்பனை மட்டையின் அடியில் வரிசையாக முள் இருக்கும். வெட்டிப் போட்ட மட்டை லோரிச் சக்கரத்தில் நசுங்கினால் முள் சிதறிச் சாலையெல்லாம் கிடக்கும். ரோட் பைக் டயருக்கு அது ஊசி மாதிரி. பஞ்சராகும் இடத்திலோ பெரும்பாலும் கைப்பேசிக்கு லைன் இருக்காது.

எப்போதும் கொண்டுபோக வேண்டியவை: இரண்டு டியூப், இரண்டு டயர் லீவர், சின்ன பம்ப், ஒரு கையுறை, ஒரு பத்து ரிங்கிட் நோட்டு. கடைசியாகச் சொன்னது லோரிக்கார அண்ணனிடம் லிஃப்ட் கேட்டு வந்தால் ஒட்டுக்கடையில் அவருக்குத் தேநீர் வாங்கித் தர.

டியூப் மாற்றுவதை வீட்டு வாசல் நடையில் பத்துத் தடவையாவது செய்யுங்கள், பின் சக்கரத்தையும் சேர்த்து. பத்து நிமிடத்துக்குள் முடிந்தால் போதும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை ஒன்றுதான்: பழைய டியூபை எடுத்துவிட்டு உடனே புதியதைப் போடுவது. டயரில் முள் அப்படியே இருக்கும், 200 மீட்டரில் இரண்டாவது பஞ்சர். புதிய டியூபை எடுப்பதற்கு முன் டயரின் உட்பக்கம் முழுதும் விரலால் மெதுவாகத் தடவி முள்ளைப் பிடுங்குங்கள். அந்த ஒரு கையுறை அதற்குத்தான்.

காற்று: 25 மில்லிமீட்டர் டயருக்கு, 70 கிலோ ஆளுக்கு, 80 முதல் 90 பிஎஸ்ஐ. மழைச் சாலையில் கொஞ்சம் குறைக்கலாம். டயரின் பக்கத்தில் அச்சடித்திருப்பது உச்ச அளவு, அதுவரை அடித்தால் வண்டி குதிக்கும், பிடிப்பு குறையும்.

5. எந்தச் சாலை, எந்த நேரம்

நமக்கு விடிவதே ஏழு மணிக்குப் பிறகு. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் இருட்டில் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். அந்த நேரத்தில்தான் ரப்பர் பால் வெட்டுக்கும் ஆலைக்கும் போகிறவர்கள் மோட்டாரில் விரைவார்கள், பாதிப் பேருக்குப் பின்விளக்கு எரியாது. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு இரண்டு (ஒன்று அணைந்தாலும் மற்றது இருக்கும்), ஒளிரும் மேல்சட்டை, இவை இல்லாமல் ஏழுக்கு முன் கிளம்ப வேண்டாம்.

நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பழைய கூட்டரசுச் சாலைகளும் மாநிலச் சாலைகளும்தான் நமக்கு. நாங்கள் ஞாயிறு காலை லிங்கி பக்கம் போய்க் கடற்கரைச் சாலை வழியாகப் போர்ட்டிக்சனைத் தொட்டுத் திரும்புவோம். ஒன்பது மணிக்குள் கடற்கரையை விட்டு வெளியேறிவிட வேண்டும், பிறகு கோலாலம்பூர் கார்கள் சாப்பாட்டுக் கடை தேடித் திடீர் திடீரென்று நிற்கும்.

தோட்டத்துக்குள் ஓட்ட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எங்களுக்கு மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) ஒருவர் மூலம் அனுமதி கிடைத்தது, கேட்டில் இருக்கும் ஜாகாவுக்கு (காவலாளிக்கு) எங்கள் முகம் தெரியும். உள்சாலையில் வாகனம் குறைவு, நிழல் உண்டு, விட்டு விட்டு வேகம் கூட்டும் பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆபத்து இரண்டு: வளைவில் நடுச்சாலையில் வரும், செம்பனைக் குலை ஏற்றிய லோரி, மழைக்குப் பின் தார் மேல் பரவிய செம்மண். அதில் பிரேக் பிடித்தால் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போங்கள்.

லோரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றில்லாமல் போவது சுகம்தான். லோரியிலிருந்து ஒரு குலை விழுந்தால் அதன் எடை உங்கள் மகனின் எடை இருக்கும். வேண்டாம்.

நாய்களுக்கு: வேகம் கூட்டாதீர்கள். இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். துரத்த ஆள் இல்லாவிட்டால் நாய்க்கு ஆர்வம் போய்விடும்.

புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீட்டைப் பாருங்கள். 100ஐத் தாண்டினால் சுகாதாரக் கேடு என்று கணக்கு, அன்று வெளியே கடினப் பயிற்சி கிடையாது. பிற்பகல் மழையில் இடி கேட்டால் குளத்திலிருந்தும் சாலையிலிருந்தும் ஒதுங்கிவிடுங்கள்.

6. வாரம் எப்படி இருக்க வேண்டும்

திங்கள் ஓய்வு. செவ்வாய் மாலை நீச்சல். புதன் ஓட்டம், 40 நிமிடம். வியாழன் சைக்கிள், ஒரு மணி நேரம். வெள்ளி ஓய்வு, கோயிலுக்குப் போகலாம். சனி நீச்சல், முடிந்தால் அரை மணி ஓட்டம். ஞாயிறு நீண்ட சைக்கிள்: முதல் வாரம் 25 கிலோமீட்டர், பதினான்காம் வாரம் 70.

ஆலையில் ஷிஃப்ட் வேலை செய்பவர்களுக்கு இந்த நாட்கள் ஒத்துவராது. அவர்களுக்கு ஒரு விதி மட்டும்: இரவு ஷிஃப்ட் முடிந்த காலையில் சாலைக்கு வராதீர்கள். தூக்கக் கலக்கத்தில் சைக்கிள் ஓட்டுவதும் குடித்துவிட்டு ஓட்டுவதும் ஏறக்குறைய ஒன்று.

ஒவ்வொரு நான்காவது வாரமும் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். உடம்பு பலமாவது பயிற்சியின்போது அல்ல, பிறகு வரும் ஓய்வில். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு அந்த நான்காவது வாரத்தில்தான் 90 கிலோமீட்டர் போய்விட்டு வந்து படம் அனுப்புவார்கள்.

முதல் ஏழு வாரம் எல்லாமே பேசிக்கொண்டு செய்யும் வேகம்தான். முழு வாக்கியம் பேச முடியாவிட்டால் அதிவேகம். எட்டாவது வாரத்திலிருந்து வியாழன் சைக்கிளில் மட்டும் கடினம் சேருங்கள்: ஐந்து நிமிடம் கடினம், மூன்று நிமிடம் லேசு, நான்கு தடவை. மிதிப்பு நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று. பெரிய கியரில் மெதுவாக மிதிப்பவர்கள் தொடையை இங்கேயே செலவழித்துவிட்டு ஓட்டத்தில் அழுகிறார்கள்.

மாதம் ஒரு தடவை மேடு. சிரம்பானிலிருந்து ஜெலுபு போகும் சாலையில் புக்கிட் தங்கா நல்ல பாடம். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். தொடர்ந்து அமுக்கினால் ரிம் சூடேறும்.

இன்னொரு பிழை கொஞ்சம் மறைவானது. கூட்டமாக ஓட்டினால் முன்னால் போகிறவர் காற்றைக் கிழிப்பார், பின்னால் இருப்பவருக்குச் சுமை வெகுவாகக் குறையும். ஆலையில் வேலை செய்யும் ஒரு தம்பி ஞாயிறு தோறும் எங்கள் பின்னால் மணிக்கு 34 கிலோமீட்டரில் வருவார். போட்டியில் தனியாக 27தான் வந்தது, வண்டியில் ஏதோ கோளாறு என்று இறங்கிப் பார்த்திருக்கிறார். நம் போன்றவர்கள் கலந்துகொள்ளும் வயதுப் பிரிவுப் போட்டிகளில் முன்னால் போகும் வண்டிக்குப் பின்னால் ஒட்டி ஓட்டப் பெரும்பாலும் அனுமதி இல்லை. பொதுவாக 10 அல்லது 12 மீட்டர் இடைவெளி கேட்பார்கள், உங்கள் போட்டிக் கையேட்டில் எது என்று பாருங்கள். 10 மீட்டர் என்றால் ஏறக்குறைய ஆறு சைக்கிள் நீளம். அதனால் ஞாயிறு தூரத்தில் பாதியையாவது தனியாக, காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஓட்டுங்கள்.

7. ஓட்டமும் பிரிக்கும்

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெதுவாக, அடிக்கடி, நல்ல சப்பாத்தோடு. வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரம் கூட்டாதீர்கள், கணுக்கால் எலும்பும் குதிகால் தசைநாணும் மூச்சைவிட மெதுவாகத்தான் பழகும்.

சைக்கிளிலிருந்து இறங்கி உடனே ஓடுவதுதான் பிரிக். முதல் தடவை கால் உங்களுடையது மாதிரியே இருக்காது, மரக்கட்டை இரண்டைக் கட்டிக்கொண்டு ஓடுவது போல் இருக்கும். ஒன்றரை கிலோமீட்டர் போனால் தெளியும். இது தெரியாமல் போட்டிக்குப் போகிறவர் "எனக்கு என்னமோ ஆகிவிட்டது" என்று பயந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறார். எட்டாவது வாரத்திலிருந்து ஞாயிறு சைக்கிள் முடிந்ததும் வாசலில் வண்டியைச் சாய்த்துவிட்டுப் பத்து நிமிடம் ஓடுங்கள். பதினான்காம் வாரத்துக்குள் அரை மணி நேரமாக ஏற்றுங்கள். இடையில் உட்காரவோ கைப்பேசி பார்க்கவோ கூடாது, உட்கார்ந்தால் அது பிரிக் இல்லை.

8. தண்ணீர், உப்பு, சாப்பாடு

நம் ஊர்ப் போட்டிகளில் ஆட்களைக் கவிழ்ப்பது வெயிலும் வெறும் வயிறும்தான். ஈரப்பதம் அதிகமான காற்றில் வியர்வை காயாது, சொட்டும். சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. சூடு ஏறிக்கொண்டே போகும்.

உங்கள் வியர்வைக் கணக்கை ஒரு தடவை எடுத்துவிடுங்கள். ஒரு மணி நேர சைக்கிளுக்கு முன்னும் பின்னும் உடம்பைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். எனக்கு முன்னால் 68.0, பின்னால் 67.1, நடுவில் குடித்தது அரை லிட்டர். ஆக மணிக்கு 1.4 லிட்டர் போகிறது. அத்தனையையும் குடித்து ஈடுகட்ட முடியாது, வயிறு தாங்காது. அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட, அதாவது 700 முதல் 800 மில்லி, எனக்கு ஒத்துப்போகிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, தாகத்துக்குக் காத்திருக்காமல்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. பயந்துபோய் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துத் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். பயிற்சிக்குப் பிறகு எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். ஒரு போத்தலில் தண்ணீர், ஒரு போத்தலில் உப்பும் சர்க்கரையும் கலந்த பானம். நூறு பிளஸ் என்ற வாயு பானத்தை ஊற்றினால் முதல் நாள் இரவே திறந்து காற்றைப் போக்கிவிடுங்கள், வாயுவோடு குடித்தால் ஓட்டத்தில் வயிறு உப்பிக்கொள்ளும்.

சாப்பாடு: சைக்கிளில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் உண்டு. நான் முதல் போட்டியில் "40 கிலோமீட்டர்தானே" என்று ஒன்றும் தின்னவில்லை. ஓட்டத்தில் ஏழாவது கிலோமீட்டரில் கண் இருட்டிச் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பாட்டி கொடுத்த சிரப் தண்ணீர் என்னை முடிவுக்கோட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தின்ன வேண்டிய இடம் சைக்கிள். ஓடும்போது வயிறு குலுங்கும், இறங்காது.

போட்டிக் காலையில் இரண்டரை மணி நேரம் முன்பே பசியாறிவிடுங்கள். ரொட்டியும் காயாவும் (தேங்காய்ப்பால் முட்டை ஜாம்) வாழைப்பழமும், அல்லது மூன்று இட்லியும் கொஞ்சம் சீனியும். நாசி லெமாக் போட்டி முடிந்த பிறகுதான். தேங்காய்ப்பாலும் சம்பலும் வயிற்றை விட்டு இறங்க நேரம் எடுக்கும். எதையும் போட்டி அன்று முதல் தடவையாகத் தின்று பார்க்காதீர்கள்.

9. கடல்

குளத்தில் 1,500 வந்த பிறகுதான் கடல். பதினைந்தாம் வாரத்திலிருந்து மூன்று தடவையாவது போர்ட்டிக்சனில் இறங்குங்கள். தனியாக ஒருபோதும் இல்லை. இடுப்பில் கட்டும் ஆரஞ்சு மிதவை ஒவ்வொருவருக்கும், கரையில் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர், கரைக்கு இணையாக நெஞ்சளவு ஆழத்தில் நீச்சல்.

கடலில் அடியில் கோடு கிடையாது, தண்ணீரும் கலங்கல். ஆறிலிருந்து எட்டுக் கையடிக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் தூக்கி முன்னால் இருப்பதைப் பாருங்கள், முதலையைப் போல. மிதவை சின்னது, அலையில் மறையும். அதற்குப் பின்னால் கரையில் உயரமான கட்டடமோ மரமோ ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பார்க்காமல் நீந்தியவர்கள் 1,500க்குப் பதில் 1,900 நீந்தியிருக்கிறார்கள்.

நம் கடல் வெதுவெதுப்பானது, குளிர்நாட்டுப் போட்டிகளில் போடும் வெட்சூட் என்ற ரப்பர் உடை இங்கே கிடையாது. அது மிதக்க உதவும் என்று நம்பி வருகிறவர்களுக்கு இது ஏமாற்றம். சொறிமீன் தீண்டினால் தேய்க்காமல் கரையேறி உயிர்காப்பாளரிடம் காட்டுங்கள்.

மூச்சு முட்டினால் மல்லாந்து படுங்கள், கையைத் தூக்குங்கள். காவல் படகையோ மிதவையையோ பிடித்து ஓய்வெடுக்கலாம், அதை வைத்து முன்னேறாதவரை தகுதி போகாது. இது தெரியாமல் படகைப் பார்த்ததும் "போட்டி முடிந்தது" என்று ஏறிவிட்ட ஓர் ஆசிரியை இன்னும் அதை நினைத்து வருத்தப்படுகிறார்.

10. டிரான்சிஷன்

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடம். துண்டை விரித்து, பயன்படுத்தும் வரிசையில் பொருள்களை வையுங்கள்: ஹெல்மெட் ஹேண்டில் மேல், வார் திறந்தபடி, அதனுள் கண்ணாடி. கீழே சைக்கிள் சப்பாத்து, அதன் பின்னால் ஓட்டச் சப்பாத்து, அதனுள் தொப்பி. போட்டி எண் மாட்டிய பெல்ட் பக்கத்தில். ஓட்டச் சப்பாத்துக்கு இழுபடும் ரப்பர் கயிறு போட்டுவிடுங்கள், ஈரக் கையால் முடிச்சுப் போட முடியாது.

ஒரே ஒரு விதியை மனப்பாடம் செய்யுங்கள்: வண்டியை எடுப்பதற்கு முன் ஹெல்மெட் வார் பூட்டியிருக்க வேண்டும், வண்டியை நிறுத்தும் கம்பியில் திரும்ப மாட்டிய பிறகுதான் வாரைத் திறக்கலாம். அதேபோல் கோட்டைத் தாண்டிய பிறகே ஏற வேண்டும், கோட்டுக்கு முன்பே இறங்க வேண்டும். நான் முதல் போட்டியில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வாரைப் பூட்டினேன். நடுவர் நிறுத்தி, திரும்பப் போகச் சொன்னார்.

பதினாறாம் வாரத்திலிருந்து வீட்டுக்கு முன் புல்லில் இதை ஐந்தைந்து தடவை ஒத்திகை பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள், நேரம் பார்க்கும் வேலையை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

11. கடைசி இரண்டு வாரம்

பத்தொன்பதாம் வாரம் மூன்றில் இரண்டு பங்கு, இருபதாம் வாரம் பாதிக்கும் கீழே. வேகத்தைக் கொஞ்சம் வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் குறையுங்கள். கால் துறுதுறுவென்று இருக்கும், இல்லாத வலியெல்லாம் வரும். இந்த வாரத்தில் செய்யும் பயிற்சி போட்டிக்குள் பலமாக மாறாது, களைப்பாக மட்டும் மிஞ்சும்.

புதிய டயர், புதிய சப்பாத்து, சீட் மாற்றம் எதுவும் இப்போது கூடாது. செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், பிரேக் கட்டையைப் பாருங்கள். முதல் நாளே வண்டியை விட்டுவரச் சொன்னால் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு வாருங்கள், மத்தியான வெயிலில் வெடித்த டியூபோடு காலையைத் தொடங்க வேண்டாம். அப்படியானால் பம்ப்பைக் காரிலேயே மறக்கக்கூடாது.

12. போட்டி நாள்

டிரான்சிஷனில் உங்கள் வரிசைக்கு அடையாளமாக ஒரு கம்பத்தையோ மரத்தையோ பாருங்கள், தண்ணீரிலிருந்து ஓடிவந்து ஒருமுறை, சைக்கிளிலிருந்து ஒருமுறை என இரண்டு பக்கமிருந்தும் நடந்து பாருங்கள். பக்கத்து வண்டியை அடையாளம் வைத்தால் அது போய்விட்டிருக்கும்.

நீச்சலில் கடைசி வரிசையில், ஓரத்தில் நில்லுங்கள். நடுவில் நின்றால் முதல் 200 மீட்டர் கையும் காலும் மேலே விழும். முதல் ஐந்து நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக.

வண்டியை மாட்டும்போதே சின்ன கியரில் விட்டிருக்க வேண்டும், பெரியதில் விட்டால் ஏறும் கோட்டிலேயே தள்ளாடுவீர்கள். முதல் ஐந்து கிலோமீட்டர் லேசாக மிதியுங்கள், மூச்சு அடங்கிய பிறகு குடிக்கவும் தின்னவும் தொடங்குங்கள். பத்துக்கு ஆறு அல்லது ஏழு என்ற அளவில்தான் சிரமம் இருக்க வேண்டும். உங்களைத் தாண்டிப் போகிறவர்களை விட்டுவிடுங்கள், ஓட்டத்தில் பாதிப் பேரைத் திரும்பப் பார்ப்பீர்கள்.

ஓட்டத்தில் முதல் கிலோமீட்டர் கடிகாரத்தை நம்புங்கள், காலை நம்பாதீர்கள். சைக்கிள் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு ஓட்டம் மெதுவாகத் தெரிந்து அளவுக்கு மீறி ஓடிவிடுவோம். ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நடந்து குடியுங்கள், தலையிலும் கழுத்திலும் ஊற்றுங்கள், ஐஸ் கிடைத்தால் தொப்பிக்குள் போடுங்கள். வெயிலில் குளிர் எடுத்தால், மயிர்க்கூச்செறிந்தால், பேச்சு குழறினால் நின்று உதவி கேளுங்கள். அந்த இடத்தில் வைராக்கியம் காட்டக்கூடாது.

முடிந்ததும் உடனே தரையில் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். உப்புள்ள எதையாவது குடியுங்கள், சாப்பிடுங்கள். இப்போது நாசி லெமாக் வாங்கலாம். உங்கள் உடம்பிலிருந்து வழிந்த கடல்நீரும் வியர்வையும் வண்டி முழுக்க இருக்கும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போல்ட்டுகள் துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும். அன்று மாலையே நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வையுங்கள்.